நேருக்கு நேர் பார்க்காதவன் பொய்யனா?

"திருட்டு முழி முழிக்கிறான் பாருங்க" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பேருந்து நிலையத்தில், வங்கியில், ரேஷன் கடையில், சம்பந்தம் பேசப் போன இடத்தில்கூட இந்தத் தீர்ப்பு ஒரு நிமிடத்தில் எழுதப்பட்டுவிடுகிறது. தமிழில் முழிகளுக்குப் பஞ்சமே இல்லை. திருட்டு முழி, பேய்முழி, ஆந்தை முழி. ஒருவன் கீழே பார்த்துப் பேசினால் கள்ளன், நேராகப் பார்த்தால் திமிர் பிடித்தவன், அக்கம்பக்கம் பார்த்தால் பொய்யன், பெண்கள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டால் பொறுக்கி. எந்தப் பக்கம்தான் பார்ப்பது?

முப்பது வருடங்களுக்கு மேல் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு அலுவலகங்களில் எழுத்தராக மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். கூட வேலை செய்கிறவரின் பார்வையை வைத்து அவருடைய மனத்தை எடைபோடுவதைப் போல நம்பமுடியாத தராசு வேறு இல்லை. அந்தத் தராசால் நல்லவர்கள் பலர் குறைத்து நிறுக்கப்பட்டிருக்கிறார்கள்.

முதலில், பார்வைக்கும் ஊருக்கு ஊர் இலக்கணம் உண்டு. இதை நான் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டேன், அதுவும் முதுகில் அடி வாங்கி. புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து நம் கைக்கு வந்தது. சட்டப்படி ஒப்படைப்பு முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. ஆட்சி போனாலும் பிரெஞ்சு வழிப் பள்ளிகள் போகவில்லை. அப்படி ஒரு பள்ளியில்தான் நான் படித்தேன். அங்கே வாத்தியார் திட்டும்போது தலையைக் குனிந்தால், "ரெகார்த் முவா!" என்று அதட்டுவார். "என்னைப் பார்!" என்று பொருள். கண்ணைப் பார்க்காதவன் எதையோ மறைக்கிறான் என்பது அவர்கள் கணக்கு. சரி என்று அதே பழக்கத்தோடு வீட்டுக்கு வந்து, அப்பா திட்டும்போது அவர் கண்ணை நேராகப் பார்த்தால், "என்னடா முறைக்கிறே?" என்று முதுகில் ஒன்று விழும். காலையில் எது மரியாதையோ அது மாலையில் அவமரியாதை. பையன் அதே பையன், கண்ணும் அதே கண்தான்.

பிறகு அலுவலகத்தில் சேர்ந்தபோது பார்த்தேன். திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிற கிராமத்துப் பெரியவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அதிகாரியின் மேஜைக் காலைப் பார்த்துத்தான் பேசுவார். பட்டா மாற்றம் கேட்டு வந்தவர், பேசுவதெல்லாம் சத்தியம். ஆனால் வெளியூரிலிருந்து புதிதாக வந்த அதிகாரி, "இந்த ஆள் கண்ணைப் பார்த்தே பேசமாட்டேங்கிறாரே, ஏதோ கோல்மால் இருக்கு" என்பார். அந்தப் பெரியவரின் பாட்டன், முப்பாட்டன் காலத்தில் மேல்தட்டு ஆட்களை நிமிர்ந்து பார்ப்பதே குற்றமாக இருந்தது என்பது அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அவருடைய பேரன் படித்துவிட்டு வந்து நிமிர்ந்து பார்த்துக் கேள்வி கேட்டால், அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம். தாத்தாவுக்குக் 'கள்ள முழி', பேரனுக்குத் 'திமிர்'. ஒரே குடும்பத்தில் இரண்டு தலைமுறைக்கும் பார்வையால் பழி.

இரண்டாவது, பார்வை என்பது மனத்தின் வேலை மட்டும் அல்ல, உடம்பின் வேலையும்தான். இதற்கு நான் கூடவே இருந்து பார்த்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். எந்த அலுவலகம் என்பதும் யார் என்பதும் வேண்டாம். 1970களின் கடைசி. விழுப்புரம் அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை. அது 1993இல்தான். அதுவரை தென்னார்க்காடு மாவட்டம், தலைநகரம் கடலூர்.

எங்கள் பிரிவில் ஓர் உதவியாளர் இருந்தார். முத்து முத்தான கையெழுத்து. அவர் எழுதிய வரைவில் சூப்பிரண்டு பேனா வைக்க இடம் இருக்காது. அவரிடம் ஒரே ஒரு விசித்திரம். யார் பேசினாலும் அவர் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார். அதுவும் இமை கொட்டாமல். ஆண்கள், "இன்னாய்யா, வாய்ல இன்னா ஒட்டிக்கினு கீது?" என்று கேலி செய்வார்கள். பெண்களுக்கு அது கேலி இல்லை. தட்டச்சர் அம்மா ஒருவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு, "அவர் என் உதட்டையே பார்க்கிறார் சார், எனக்குக் கூச்சமா இருக்கு" என்று சூப்பிரண்டிடம் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் இருக்கும். சூப்பிரண்டு விசாரிக்கவில்லை. பெண் ஊழியரிடம் முறையற்ற பார்வை என்று ஒரு மெமோ கொடுத்துவிட்டார். அதற்கு அவர் பதில் எழுதவே இல்லை. பதில் எழுதாதது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆனது.

அந்த நேரத்தில்தான் நான் அந்தப் பிரிவுக்கு மாற்றலாகிப் போனேன். அடுத்த மேஜை. இரண்டு மூன்று நாளிலேயே அந்தப் பார்வை எனக்கு எங்கோ பழகிய பார்வை என்று பட்டது. பிரெஞ்சில் ஓர் ஒலி உண்டு. 'இ' என்று சொல்வதுபோல நாக்கை வைத்து, 'ஊ' என்று உதட்டைக் குவித்துச் சொல்லவேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது லேசில் வராது. காதால் கேட்டால் 'யூ' என்றுதான் படும். அதனால் ஆசிரியை, "காதை விடு, என் வாயைப் பார்" என்பார். வகுப்பு முழுவதும் அந்த அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்தப் பார்வைதான் இது. ஒலியைக் கண்ணால் பிடிக்கிற பார்வை.

பிறகு கவனித்தேன். மின்விசிறி முழு வேகத்தில் ஓடும்போது முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். தொலைபேசி மணி அடித்தால் ஏதாவது ஒரு கோப்பை எடுத்துக்கொண்டு ரிக்கார்டு ரூமுக்குப் போய்விடுவார். மீசை அடர்ந்த டவாலி ஒருவர் பேசினால் மட்டும் இரண்டு முறை, மூன்று முறை கேட்பார். ஒரு நாள் தேநீர் நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டில் "காது?" என்று மட்டும் எழுதி நகர்த்தினேன். படித்தார். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

இளம் வயதில் காசநோய் வந்து, மாதக்கணக்கில் ஊசி போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துக் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பெரிய வரம். 1943இல் கண்டுபிடிக்கப்பட்டது, 1952இல் அதற்காக வாக்ஸ்மனுக்கு நோபல் பரிசே கிடைத்தது. லட்சக்கணக்கானவர்களின் உயிரைக் காத்த அந்த மருந்து, சிலருக்கு உட்காதைக் கெடுத்துவிடும். அப்படிப் போன காது திரும்பாது. இவருக்கு அதுதான் நடந்தது. பிறகு இவராகவே வாயசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

ஏன் மெமோவுக்குப் பதில் எழுதவில்லை என்றால், உண்மையை எழுதினால் 'காது கேளாதவர்' என்று மருத்துவக் குழுவுக்கு அனுப்பி, வேலைக்குத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். வீட்டில் கல்யாண வயதில் இரண்டு தங்கைகள். வேலை போவதைவிடக் கெட்ட பெயர் பரவாயில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். நினைத்துப் பாருங்கள், என்ன ஒரு பேரம்!

அவர் சம்மதம் கேட்டுக்கொண்டு, அந்தத் தட்டச்சர் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இதை முன்னாடியே யாராவது கேட்டிருக்கலாமே சார்" என்றார். மறுநாளிலிருந்து அவரிடம் பேசும்போது தட்டச்சை நிறுத்தி, முகத்தைத் திருப்பி, நிதானமாகப் பேசினார். சூப்பிரண்டிடமும் தானே போய்ப் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். ஆனால் காகிதத்துக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. கொடுத்த மெமோ கோப்பிலேயே கிடந்தது. அடுத்த பதவி உயர்வுப் பட்டியல் வந்தபோது அவர் பெயர் தள்ளிப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

திண்டிவனத்துக்கு மாற்றலாகிப் போனபின் அவருக்கு ஒரு நல்ல தலைமை எழுத்தர் வாய்த்தார். பெரிய புரட்சி ஒன்றும் செய்யவில்லை அவர். இவருடைய மேஜையை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டார். அவ்வளவுதான். வெளிச்சம் எதிரே நின்று பேசுகிறவர் முகத்தில் விழும், இவருக்கு உதடு தெளிவாகத் தெரியும். தொலைபேசி வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, அந்த ஆளின் வரைவுகளை இவருக்குக் கொடுத்தார். ஓய்வு பெறும்வரை அந்தப் பிரிவில் நிலுவை என்ற பேச்சே இல்லை. ஒரு மேஜையைத் திருப்பிப் போடுவதற்கும் ஒரு மெமோவை அடிப்பதற்கும் ஒரே நேரம்தான் ஆகும்.

வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று தெரியவேண்டுமானால், கண்ணாடி முன் நின்று சத்தம் இல்லாமல் 'படி' என்றும் 'மடி' என்றும் சொல்லிப் பாருங்கள். உதட்டில் வித்தியாசமே தெரியாது. 'பாலு', 'மாலு' இரண்டும் ஒன்றுதான். க, ங போன்ற எழுத்துகள் தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே தெரியவே தெரியாது. பாதியைக் கண்ணால் பிடித்து, மீதியை ஊகத்தால் நிரப்பவேண்டும். ஒரு நொடி கண்ணை எடுத்தால் வாக்கியமே போய்விடும். அதனால்தான் இமை கொட்டாமல் பார்க்கிறார்கள். 2020இல் கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் அந்த நண்பர்தான். ஊர் முழுவதும் வாயை மூடிக்கொண்டால் அவரைப் போன்றவர்களுக்கு ஊரே ஊமையாகிவிட்ட மாதிரி.

இது ஒரு வகை. இன்னும் எத்தனையோ உண்டு.

மாறுகண் உள்ளவர்களை நாம் படுத்துகிற பாடு தெரிந்ததுதான். ஒரு பக்கம் 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்போம், மறுபக்கம் பட்டப்பெயர் வைப்போம். எங்கள் பக்கத்தில், "அவருக்கு ஒரு கண் விழுப்புரம், ஒரு கண் திண்டிவனம்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவர் உங்களிடம் கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லிவிடுவார். தினம் பத்துத் தடவை இது நடந்தால் அந்த மனிதர் பேசுவதையே குறைத்துக்கொள்வார். உடனே 'முகங்கொடுத்துப் பேசமாட்டார்' என்று அடுத்த பட்டம். அதிர்ஷ்டம் என்று விட்டுவிடாமல் சின்ன வயதிலேயே குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டுவதுதான் நல்லது. விட்டுவிட்டால் ஒரு கண் வேலை செய்யாமலே சோம்பிப்போய், பிறகு பார்வை திரும்புவது கடினம் ஆகிவிடும்.

சிலருக்குப் பிறவியிலேயே கருவிழி நிற்காமல் ஊசலாடிக்கொண்டே இருக்கும். நிஸ்டாக்மஸ் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அவர்களில் பலருக்குத் தலையைக் கொஞ்சம் திருப்பி, கண்ணை ஓர் ஓரத்தில் வைத்துக்கொண்டால் ஆட்டம் குறைந்து, எதிரில் இருப்பது தெளிவாகத் தெரியும். அவர் நம்மைத் தெளிவாகப் பார்ப்பதற்காகத்தான் அப்படிப் பார்க்கிறார். நாமோ, "கடைக்கண்ணால ஏளனமாப் பாக்கிறான்" என்கிறோம்.

தைராய்டு அதிகம் சுரந்தால் சிலருக்கு மேல் இமை ஏறி, விழி பிதுங்கி, முறைப்பதுபோலவே இருக்கும். பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் வந்தால் முகத் தசைகள் இறுகி, இமை கொட்டுவது குறைந்து, வெறித்துப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். "அண்ணன் இப்பல்லாம் சிரிக்கிறதே இல்ல, என்ன கோபமோ" என்று உறவுக்காரர்கள் மனத்தாங்கல் படுவார்கள். அவருக்குக் கோபம் இல்லை. முகம் ஒத்துழைக்கவில்லை.

நம் வயதுக்காரர்களுக்கு மிக நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. விழித்திரையின் நடுப்பகுதியை மாக்குலா என்பார்கள். வயதாக ஆக அது சிலருக்குத் தேய்ந்துபோகும். அப்போது நேராகப் பார்க்கிற இடத்தில்தான் மங்கல், பக்கவாட்டில் தெரியும். அதனால் எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், அவர் காதையோ தோளையோ பார்த்தால்தான் முகம் கொஞ்சமாவது பிடிபடும். கோயில் வாசலில் பழைய சினேகிதர் நம் தோளைத் தாண்டிப் பார்த்துப் பேசினால், 'மதிக்கவில்லை' என்று வீட்டுக்கு வந்து புலம்புகிறோம். அவர் நம்மைப் பார்க்கத்தான் அவ்வளவு பாடுபட்டிருப்பார்.

மூன்றாவது வகை, மூளை அமைப்பிலேயே உள்ளது. ஆட்டிசம் என்கிற மதியிறுக்கம். லியோ கானர் என்ற மருத்துவர் 1943இல் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் இது உலகத்தின் கவனத்துக்கு வந்தது. அதற்கு முன்பும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள், 'ஒரு மாதிரியான ஆள்' என்று சொல்லிவிட்டிருப்போம். இவர்களில் பலருக்கு எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்ப்பதே பெரும் சிரமம். வெயிலில் கண்ணாடி போட்டு முகத்தில் அடிப்பதுபோல் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது மனத்தில் ஏறாது, சுவரைப் பார்த்தால் ஒரு சொல் விடாமல் ஏறும். "நான் பேசறப்ப என்னைப் பாரு" என்று அதட்டினால், அவர் நம் திருப்திக்காகப் பார்ப்பார், சொன்னதைக் கேட்டிருக்கமாட்டார். நமக்கு எது வேண்டும், பார்ப்பதா, கேட்பதா?

இது ஏதோ மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கவேண்டாம். நம் அலுவலகங்களுக்குள்ளேயே சட்டப்படி வரப்போகிற விஷயம். 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது 21 வகை ஆகியது. அதில் ஆட்டிசமும் உண்டு. அரசு வேலையில் இடஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆனது. பார்வைக் குறைபாட்டுக்கு ஒன்று, செவிக் குறைபாட்டுக்கு ஒன்று, கைகால் இயக்கக் குறைபாட்டுக்கு ஒன்று. மீதி ஒரு சதவீதத்தில்தான் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம். வேலை செய்ய ஏற்றபடி இடத்தையும் முறையையும் மாற்றிக்கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தத் திண்டிவனம் தலைமை எழுத்தர் எந்தச் சட்டமும் இல்லாத காலத்தில் மேஜையைத் திருப்பிப் போட்டாரே, அதுதான் இன்று சட்டமாக இருக்கிறது. ஆனால் அரசாணை போட்டு வேலை கொடுக்கலாம், பக்கத்து மேஜைக்காரரின் மனத்துக்கு அரசாணை போடமுடியாது.

"அப்படியானால் கண்ணைப் பார்த்து எதுவுமே தெரியாதா? வள்ளுவரே குறிப்பறிதல் பாடியிருக்கிறாரே" என்று கேட்பீர்கள். பாடியிருக்கிறார், ஒன்றல்ல, இரண்டு அதிகாரம். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பு 71ஆவது அதிகாரத்துக்கும் உண்டு, 110ஆவது அதிகாரத்துக்கும் உண்டு. முதலாவது அரசனின் பக்கத்திலேயே இருந்து பழகுகிற அமைச்சருக்கு, இரண்டாவது காதலர்களுக்கு. இரண்டு இடத்திலும் நெருங்கிப் பழகியவர்கள்தான் குறிப்பறிகிறார்கள். பத்து நிமிடம் பேசிவிட்டு முத்திரை குத்துகிறவர்களுக்காக அவர் எழுதியதாக எனக்குத் தோன்றவில்லை. தவிர, 58ஆவதாக இன்னோர் அதிகாரம் இருக்கிறது. அதன் பெயர் கண்ணோட்டம். கண் ஓடுவது என்றால் வேவு பார்ப்பது இல்லை, இரக்கப்படுவது. தமிழில் கண்ணுக்குக் கொடுத்திருக்கிற மிகப் பெரிய வேலை அதுதான்.

நீதிமன்றத்திலும் இந்தச் சங்கதி உண்டு. 2024 வரை நடைமுறையில் இருந்த 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 280ஆவது பிரிவு, சாட்சி சொல்கிறவரின் தோரணையைப் பற்றி முக்கியம் என்று தோன்றுவதை நீதிபதி குறித்துக்கொள்ள வேண்டும் என்றது. ஆனால் யாரும் தோரணையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. குறுக்கு விசாரணை இருக்கிறது, ஆவணம் இருக்கிறது. நாம்தான் விசாரணையும் இல்லாமல், ஆவணமும் இல்லாமல், முழியை வைத்தே தீர்ப்புச் சொல்கிறோம்.

ஆராய்ச்சிக்காரர்களும் இதைப் பார்த்திருக்கிறார்கள். 58 நாடுகளில், "ஒருவர் பொய் சொல்வதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று கேட்டு 2006இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 100க்கு 64 பேர் சொன்ன பதில், "கண்ணைப் பார்க்கமாட்டான்" என்பதுதான். உலகமே நம்மைப்போலத்தான் நம்புகிறது. அதே 2006இல் இன்னோர் ஆய்வு, இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணிப்புகளைச் சேர்த்துப் பார்த்தது. பொய்யா மெய்யா என்று பார்த்துச் சொல்வதில் மனிதர்கள் சரியாகச் சொன்னது 100க்கு 54 முறை. காசைச் சுண்டிப்போட்டால் 50 வரும். இந்த நாலுக்காகவா ஒருவர் பெயரைக் கெடுப்பது? இதில் இன்னொரு வேடிக்கை, கண்ணைப் பார்க்காவிட்டால் பிடிபடுவோம் என்று பொய்யனுக்கும் தெரியும். அதனால் பழகிய பொய்யன் கண்ணை நன்றாகப் பார்த்தேதான் பேசுவான். சீட்டு கட்டச் சொல்லி ஊரை ஏமாற்றிவிட்டு ஓடியவர்கள் எவராவது தரையைப் பார்த்துப் பேசிப் பார்த்திருக்கிறீர்களா?

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை. கெட்ட பார்வை என்று ஒன்று நிச்சயமாக இருக்கிறது. அலுவலகத்தில் பெண்கள் அதை அனுபவித்திருக்கிறார்கள், இன்றும் அனுபவிக்கிறார்கள். 'அவருக்கு ஏதாவது நோயாக இருக்கும், நீ பொறுத்துப்போ அம்மா' என்று ஒரு பெண்ணிடம் சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வழிகாட்டியது, 2013இல் சட்டமே வந்தது. பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடங்களில் புகார்க் குழு இருக்கவேண்டும். கூச்சமாக இருந்தால் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தட்டச்சர் அம்மா சொன்னது சரி. விசாரிக்காமல் மெமோ கொடுத்ததுதான் தவறு. விசாரித்திருந்தால் அவருடைய கூச்சமும் ஒரே நாளில் தீர்ந்திருக்கும், அந்த மனிதரின் பெயரும் பிழைத்திருக்கும்.

விசாரிப்பது என்றால் பெரிய கமிஷன் வைக்கவேண்டியதில்லை. அனுபவத்தில் எனக்குத் தெரிந்த மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, அவர் எல்லோரிடமும் அப்படித்தானா? தாசில்தாரையும், டவாலியையும், தேநீர்க்காரப் பையனையும் அதே மாதிரி பார்க்கிறார் என்றால் அது உடம்பின் பழக்கம். இளம்பெண்களை மட்டும், அதுவும் ஒருவரை மட்டும் என்றால் அது வேறு.

இரண்டு, பேச்சு முடிந்தபின் பார்வையும் முடிகிறதா? வாயைப் படிக்கிறவருக்குப் பேச்சு நின்றால் அங்கே வேலை இல்லை. கண் கோப்புக்குத் திரும்பிவிடும். பேசாதபோதும், நடந்து போகும்போதும், முதுகுக்குப் பின்னும் தொடர்கிற பார்வைக்கு விளக்கம் கேட்கத்தான் வேண்டும்.

மூன்று, சொன்னால் என்ன செய்கிறார்? "நீங்க இப்படிப் பாக்கிறது எனக்குச் சங்கடமா இருக்கு" என்று சொன்னால், காரணம் உள்ளவர் பதறிப்போய்க் காரணத்தைச் சொல்வார், அல்லது கண்ணை விலக்க முயற்சியாவது செய்வார். கெட்டவர் சிரிப்பார்.

இந்த மூன்றில் எதற்கும் முழியைப் பார்த்துப் பதில் கிடைக்காது. பழகிப் பார்க்கவேண்டும், கேட்டுப் பார்க்கவேண்டும். அலுவலகத்தில் ஒருவரை எடைபோட இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. அவருடைய தன்பதிவேட்டைத் திறந்து பாருங்கள். எத்தனை கோப்பு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை கிடக்கிறது என்று அதில் இருக்கும். மனு கொடுத்த கிழவியை எத்தனை முறை அலையவிட்டார் என்று கேளுங்கள். கண்ணைப் பார்த்து இனிக்க இனிக்கப் பேசி, கிழவியை ஆறு மாதம் அலையவிட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தரையைப் பார்த்துக்கொண்டே "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லி, மறுநாள் கையில் நகலைக் கொடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பார்க்கிறவர்கள் நாம் மட்டும் இல்லை, பார்க்கப்படுகிறவர்களும் நாம்தான். காது மந்தமாகிறது, கண் மங்குகிறது. வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். அந்த நண்பர் மறைத்ததற்கு வேலை போய்விடும் என்ற பயம் காரணமாக இருந்தது. நமக்கு இனி எந்த வேலை போகப்போகிறது? "தம்பி, எனக்குக் காது கொஞ்சம் மந்தம், முகத்தை இந்தப் பக்கம் திருப்பிப் பேசு" என்று வங்கியில் சொல்லுங்கள். "நேராப் பாத்தா தெரியலம்மா, அதான் சாய்ச்சுப் பாக்கிறேன்" என்று மருமகளிடம் சொல்லுங்கள். நம் பக்கத்துக்காரர்களுக்குத் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனை எட்டாத தூரம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிக்கொண்டு வாருங்கள்.

அதேபோல, உங்கள் பேத்தி தன் அலுவலகத்தைப் பற்றிப் பேசும்போது, "புதுசா ஒருத்தர் வந்திருக்கார் தாத்தா, முகத்தைப் பாத்தே பேசமாட்டேங்கிறார்" என்று சொன்னால், "திருட்டு முழியா இருக்கும், ஜாக்கிரதை" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். "வேலை எப்படிச் செய்யறார்?" என்று முதலில் கேளுங்கள்.